அப்பா மடித்த சிலுவை

போன வருஷத் தவக்காலத்தில் மகளுக்கு ஏதாவது கைவேலை சொல்லிக்கொடுக்கலாம்னு இணையத்தில் தேடினேன். எல்லாமே ஊதாக் காகிதமும் பசையும்தான். ராசிங்காபுரத்தில் எங்க வீட்டைச் சுத்தித் தென்னை நிக்குது. காகிதத்துக்குப் போடிக்குப் பஸ் ஏறணுமா? குருத்தோலைச் சிலுவை மடிக்கலாம்னு முடிவு பண்ணினேன். ஆனா எனக்கு மடிக்கத் தெரியாது. அப்பா மடிச்சுத் தருவார், நான் வாங்கிட்டுப் போவேன்.

அவர் கடைசியாக மடித்த சிலுவை சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. முந்தின வருஷக் குருத்தோலையைத் திருநீற்றுப் புதனுக்கு எரிக்கக் கொடுக்கணும். நான் கொடுக்கலை.

இந்த வழக்கம் எவ்வளவு பழசு என்று தேடியபோது எகேரியா கிடைத்தார். கி.பி. 381-384 வாக்கில் எருசலேம் போன பெண் யாத்திரிகர். ஒலிவ மலையிலிருந்து இறங்கும் குருத்தோலைப் பவனியில், நடக்கத் தெரியாத குழந்தைகளைக்கூடப் பெற்றோர் தோளில் தூக்கி வந்தார்கள், அவர்கள் கையிலும் கிளை இருந்தது என்று எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் படி 1884-ல்தான் இத்தாலியின் அரெட்சோவில் கண்டெடுக்கப்பட்டது. பனையோ தென்னையோ வளராத போலந்திலும் ரஷ்யாவிலும் வில்லோ மரக் கிளையைப் பிடிக்கிறார்கள். அந்தந்த மண்ணில் என்ன துளிர்க்குதோ, அது.

சாம்பலுக்குத் தனிக் கதை. எல்லாரும் தலையில் சாம்பல் பூச வேண்டும் என்று 1091-ல் பெனவெந்தோவில் கூடிய ஆயர்கள் சொன்னார்கள். பழைய ஓலையை எரித்துச் சாம்பல் எடுப்பது பின்னால் நிலைத்தது. தமிழில் அந்த நாளுக்கு விபூதிப் புதன் என்றும் பெயர். பக்கத்து வீட்டுச் சொல்லை எடுத்துக்கொள்ள யாரும் கூச்சப்படலை போல!

எனக்கும் பக்கத்து வீடுதான் கைகொடுத்தது. மாரியம்மன் பொங்கலுக்குத் தோரணம் கட்டுகிற பெரியம்மா. சிலுவை மடிச்சதே இல்லை அவங்க. அப்பாவின் சிலுவையைக் காட்டினேன்.

"பிரிச்சாத்தான் தம்பி தெரியும். பிரிக்கவா?"

கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, சரின்னேன். ஈரத்துணியில் சுத்தி வெச்சு, மெதுவா ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சாங்க. "இது தோரணத்துல போடுற மடிப்புதான், ஒரு திருப்பு கூட" என்றார். மகள் மூணாவது ஓலையிலேயே பிடிச்சுக்கிட்டா. எனக்கு ஏழாவதில் வந்தது.

அப்பாவின் ஓலையை மறுபடி மடிக்கப் பார்த்தோம். ஒடிஞ்சிருச்சு. இந்த வருஷம், அந்தத் துண்டுகளை மகள்தான் கோயில் கூடையில் போட்டா.