உள்ளே இல்லாத கலம்

இரண்டு ஓடுகளைப் பக்கவாட்டில் இணைத்துச் செய்த சொகுசுப் படகைக் காட்டி, "கேட்டமரான்! நம்ம கட்டுமரம்தான்" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் எனக்குச் சிரிப்பு வரும். மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் குப்பத்தில் கட்டுமரத்தை 'மரம்' என்றுதான் சொல்வோம். லேசான கட்டைகளைச் சீவிச் சேர்த்து, கயிற்றால் இறுகக் கட்டியது. அதற்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியே தண்ணீர் வழிந்துவிடும். அப்புறம் எங்கே மூழ்குவது? கரையேறியதும் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஊறிய கட்டை கனக்கும்.

துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில் கப்பல்கள் தள்ளியே நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடிய மசூலாப் படகுகள் இறங்கத் தயங்கும் கொந்தளிப்பிலும், கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு மரக்காரர்கள் போய்வந்தார்கள். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் இந்தக் கலத்தைப் பெயரோடு எழுதிவிட்டார்.

பெயர் கப்பலேறிய பிறகுதான் கூத்து. 1804 அக்டோபரில் நெப்போலியனின் படகுகளைக் கொளுத்த, பூலோன் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்தவை. ஏறத்தாழ 21 அடி நீளம், உள்ளே ஈயத் தகடு, வெடிக்க வைக்கக் கடிகாரப் பொறி. அவற்றுக்கும் கேட்டமரான் என்றே பெயர். அமர்க்களத்துக்கு ஏற்ற சேதம் ஒன்றும் இல்லை. அதே காலத்தில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் சண்டைக்காரக் கிழவிக்கும் அந்தப் பெயர்! சொல்லின் முன்பாதியில் பூனை ஒளிந்திருப்பதாக அவர்கள் காதுக்குப் பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நியூஃபவுண்ட்லாந்திலோ பனியில் விறகு இழுக்கும் சறுக்குவண்டி கேட்டமரான் ஆனது.

முதலில் சொன்ன சொகுசுப் படகுக்கு வருவோம். இரட்டை ஓட்டுக் கலம் பசிபிக் தீவுக்காரர்களின் பழைய வித்தை. 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் அந்த வகையில் 'அமரிலிஸ்' என்ற பாய்மரப் படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டதும் போட்டி நடத்தியவர்கள் அதைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். அவரோ மறு ஆண்டே காப்புரிமை வாங்கிக்கொண்டார். சோழமண்டலக் கரையில் பிறந்த பெயர் அந்த வகைப் படகோடு ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.