நாணயக் கரப்பான்: பெயரும் மருந்தும்

பழனிமலை அடிவாரத்துக் கன்னிவாடியில் அன்பர் ஒருவர் நம்மிடம் தம் கணுக்காலைக் காட்டினார். காசளவில் சிவந்த வட்டங்கள். நீர் கசிந்து பொருக்குத் தட்டியிருந்தன. படர்தாமரை என்றெண்ணி மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவியும் பயனில்லை. பெயர் தவறின் மருந்தும் தவறும்.

வட்டங்கள் யாவும் ஒன்றல்ல. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் 'கூபா' எனும் தோல் நோயை விவரித்துள்ளார். இன்றைய யூனானி மருத்துவர்கள் படர்தாமரையைக் 'கூபா' என்றும், கரப்பானை 'நார் ஃபார்ஸீ', அதாவது பாரசீக நெருப்பு, என்றும் பிரித்தழைக்கின்றனர். தமிழ் வழக்கும் இரண்டுக்கும் இரு பெயர் வைத்துள்ளது. பிரெஞ்சு மருத்துவர் தெவெர்ழி 1857இல், நாணயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் வட்டக் கரப்பானுக்குத் தனிப்பெயர் சூட்டினார்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது, தொற்றும், பெரும்பாலும் ஓரம் தடித்து நடுப்பகுதி தெளியும். நாணயக் கரப்பான் தொற்றாது. வட்டம் முழுதும் தடித்து அரிக்கும். வறண்ட தோலில் பனிக்காலத்தில் மிகும். ஐயமெழின் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் காண்பர். வட்டத்தில் உணர்ச்சி குன்றின் தொழுநோயா எனவும் ஆராய வேண்டும்.

கரப்பானைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு, படர்தாமரையை உருமறைத்துப் பரப்பும். இத்தகு களிம்புகளின் தவறான பயன்பாடு பெருகவே, 2018இல் இந்திய அரசு அவற்றுள் 14 வகைகளை மருத்துவர் சீட்டுக்கு உட்படுத்தியது.

அன்பரின் செதிலில் பூஞ்சை இல்லை. மருத்துவர் களிம்பை மாற்றினார். வெந்நீரையும் கடும் சோப்பையும் தவிர்த்து, குளியலுக்கும் ஒளுவுக்கும் பின் ஈரத்தை ஒற்றியெடுத்து வாசலின் பூசச் சொன்னார். சில வாரங்களில் வட்டங்கள் அடங்கின. பெயரறிதலே மருத்துவத்தின் முதற்படி என முன்னோர் கண்டது வீணன்று.