காற்றிலே வந்த கிருமி

செயற்கை மூட்டின் வரலாற்றை எழுதுவோர் உலோகத்தையும் பிளாஸ்திக்கையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அம்மூட்டு உடலில் நிலைபெறுவதற்காகக் கிருமியுடன் நடந்த போராட்டம் அவர்தம் கண்ணுக்கு எளிதிற் படுவதில்லை.

1890ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்துச் சத்திரவைத்தியர் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக், யானைத் தந்தத்தாற் செய்த முழங்கால் மூட்டுக்களை நோயாளருக்குப் பொருத்தினார். சயரோகத்தால் அழிந்த மூட்டுக்களையே அவர் மாற்றினார். நோய் அங்கேயே குடியிருந்தமையால் தந்தம் நிலைக்கவில்லை. அதே ஆண்டில், அதே நகரிற் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டில், கிருமியெதிர்ப்பு முறையின் தந்தையான லிஸ்ரர், காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லவென மருந்துத் தெளிப்பைத் தாம் முன்னர் வற்புறுத்தியமைக்கு வெட்கப்படுவதாகக் கூறினார். கையும் கருவியுமே கவனிக்கத்தக்கன என்ற கருத்து வேரூன்றியது.

அக்கருத்தை அசைத்தவர் ஜோன் சான்லி. லங்காஷயரிலே, முன்னர் சயரோக வைத்தியசாலையாயிருந்த றைற்றிங்டனில், பொலிஎதிலீன் கிண்ணம் கொண்ட இடுப்பு மூட்டை அவர் 1962இற் பொருத்தத் தொடங்கினார். 1948இல் தோன்றிய தேசிய சுகாதார சேவையின் பயனாக, ஆலைத் தொழிலாளியும் அந்த மேசையிற் படுக்க முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் நூற்றுக்கு 7 பேருக்குக் கிருமி தொற்றியது. சாதாரணப் புண் சீழ் வடிந்து ஆறிவிடும். பொருத்திய பொருளின்மேற் படிந்த கிருமியையோ மருந்து எளிதிற் சென்றடையாது. மூட்டையே பிடுங்கி எடுக்க நேரும். நடக்க விரும்பி வந்தவர் முன்னிருந்ததிலும் மோசமாக முடமாவார். 7 என்பதைச் சிறு தொகையென எண்ணுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

சான்லி ஐயுற்றது அறையிலுள்ள மனிதரை. தோலிலிருந்து ஓயாது உதிரும் செதில்கள் கிருமிகளைச் சுமந்து காயத்தில் விழுகின்றன. ஆலைகளுக்குக் காற்றோட்டச் சாதனங்கள் செய்துவந்த ஹோவேர்த் நிறுவனத்தாரின் துணையுடன் அவர் மேசையைச் சுற்றி ஒரு சிற்றறை அமைத்தார். வடிகட்டிய காற்று மேலிருந்து இடையறாது பாய்ந்தது. பின்னர், மூச்சுக் காற்றையும் குழாய்வழி வெளியேற்றும் முழு அங்கிகள் வந்தன. அன்ரிபயோற்றிக்கைத் தடுப்பு மருந்தாகக் கொடாமலே 7 என்பது ஏறத்தாழ அரையாகக் குறைந்ததென 1972இல் அவர் கணக்குக் காட்டினார். கையுறையும் காயம் தைக்கும் முறையும் இடையிலே மாறியமையை அவர் மறைக்கவில்லை. விஞ்ஞானியின் நேர்மை இத்தகைய இடத்திலேதான் தெரிகிறது.

ஹம்பேர்க் நகரத்துப் புக்கோல்ஸ் வேறு வழி சென்று, எலும்புச் சீமெந்திலேயே ஜென்ராமைசினைக் கலந்தார். 1982இல் லிட்வெல் குழுவினர், 8000க்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து, தூய காற்று தொற்றைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததெனக் கண்டனர். அன்ரிபயோற்றிக்கும் பெரும் பயன் தந்தது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2016இல், மூட்டு மாற்றத்துக்கு அத்தகைய காற்றமைப்பைப் பயன்படுத்தாதிருக்கலாமெனப் பரிந்துரைத்தது. வசதியற்ற வைத்தியசாலைகளுக்கு இத்தீர்ப்பு ஆறுதலாயிருக்கலாம். ஆயின் இவ்விடைக்காலத்தில் அன்ரிபயோற்றிக் எங்கும் பரவிவிட்டது; அதற்கு அடங்காத கிருமிகளும் பெருகிவருகின்றன.