எதையும் திறவாத சாவி

பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பற்றிய ஆங்கில நூல்களில் 'பேரல் கீ' என்றொரு சொல் அடிக்கடி எதிர்ப்படும். நாமும் முதலில் அதைக் 'குழல் சாவி' என்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். அது எந்தப் பூட்டையும் திறப்பதன்று என்பது பின்னரே விளங்கிற்று. போர்த்துகீசியர் தந்த சாவியைவிட, நம் தச்சர் வாயிலுள்ள ஆப்பே இதற்கு ஏற்ற சொல். வண்டிச் சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணிக்கும் இது உறவுதான்.

இரும்புக் குழலை மரக்கட்டையோடு பிணைப்பதே இதன் பணி. குழலின் அடியில் சிறு காதுகள் பொருத்தப்பட்டிருக்கும். கட்டையின் பக்கவாட்டில் நுழையும் தட்டையான ஆப்பு, அக்காதின் துளை வழியே மறுபுறம் வெளிப்படும். ஆங்கிலேயக் காலாட்படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் இவ்விடத்தில் மெல்லிய முளையாணிகளே இருந்தன. குழலுக்கும் கட்டைக்கும் இடையே மழைநீர் புகுந்தால் துருவேறும். துடைப்பதற்குக் குழலைக் கழற்றியாக வேண்டும். முளையாணிகளைத் திரும்பத் திரும்பத் தட்டி எடுத்தால் மரத்தின் விளிம்பு சிதையும். ஆப்பு அப்படியன்று, அழுத்தினால் எளிதில் விலகும்.

1800ஆம் ஆண்டு உல்விச்சில் நடந்த சோதனையில் தேர்வுபெற்ற இலண்டன் கொல்லர் எசக்கியேல் பேக்கரின் புரித்துப்பாக்கியில் இத்தகைய தட்டை ஆப்புகள் மூன்று இருந்தன. 30 அங்குலக் குழல், உள்ளே ஏழு புரிகள். 1808 முதல் 1814 வரை ஐபீரியத் தீபகற்பப் போரில் 95ஆம் படைப்பிரிவினர் ஏந்திச் சென்றது இதையே. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் உருவான 1803ஆம் ஆண்டு மாதிரிக்கோ ஒற்றை ஆப்பே போதுமானதாயிற்று. அதன் கட்டை பாதி நீளமே உடையது.

இதைப் பொருத்துவதில்தான் கைவினைஞனுக்குச் சோதனை. குழலைக் கட்டையில் பதித்ததும் காது மரத்துள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அதன் இடத்தை அளவெடுத்து வெளிப்புறத்தில் குறிக்க வேண்டும். மேலே குழல், கீழே திணிகோல் செல்லும் வழி. இரண்டுக்கும் நடுவே எஞ்சுவது மிகக் குறுகிய இடம். ஆப்பு சற்றே தாழ்ந்தால் திணிகோல் முட்டும், உயர்ந்தால் குழலில் இடிக்கும். பல நாள் செதுக்கிய கட்டை அந்த ஒரு துளையில் பாழாகிவிடக்கூடும். ஆகவே வரிசையாகச் சிறு துளைகளிட்டு, இடைச்சுவர்களை மெல்லிய அரத்தால் பொறுமையாக அராவி ஒன்றாக்குவர்.

காதின் துளையை மட்டும் முன்னும் பின்னும் சற்று நீட்டிவிடுவதுண்டு. இது வேலைக் குறையன்று. சுடச்சுட இரும்பு நீளும். ஈரத்திலும் வெயிலிலும் மரம் தன் போக்கில் அசையும். இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் கட்டை வெடிக்கும், அல்லது குழல் வளைந்து குறி தவறும். குறி தவறிய வீரனுக்கு மீண்டும் மருந்திட்டுக் குண்டு திணிக்க அரை நிமிடமேனும் ஆகும். எதிரி அதுவரை காத்திருப்பானா?

மற்றொரு நுட்பமும் உண்டு. ஆப்பின் நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு. மரத்தினுள் செல்லும் சிற்றாணி ஒன்று அப்பிளவின் ஊடே நிற்கும். எனவே ஆப்பை வெளியே இழுக்கலாம், முற்றிலும் உருவ இயலாது. இருளில், புல்தரையில், கை நடுங்கும் வேளையில் அது தொலைந்துபோகாமல் காத்தது அந்தச் சிற்றாணிதான்.