செம்மண் மேட்டில் ஒரு தீவு

கட்டடக்கலை படிக்கும் என் பேரன் சென்ற வாரம் காஞ்சிபுரம் வந்திருந்தான். கையில் பெரிய வரைபடம். கடல் நடுவே ஒரு தீவு. அதில் புதிதாகக் கரியமிலவாயு சேர்க்காத ஒரு விடுதிக் குடியிருப்பு. சூரிய மின்சாரம், மழைநீர்த் தொட்டி எல்லாம் அழகாகப் போட்டிருந்தான்.

"எப்படி இருக்கு தாத்தா?"

"இந்த மாதிரித் தீவு ஒண்ணு எங்க ஊர்ப் பக்கத்துலேயே இருக்குடா" என்றேன். அவனுக்குச் சொன்னதை நண்பர்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. படிப்பு பிரெஞ்சு வழி. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது, ஸ்ரீ அன்னை சாசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. எங்கள் வீட்டில் நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். பிரெஞ்சில் 'ஓரோர்' என்றால் விடியல், 'வில்' என்றால் நகரம் என்று விளக்கியபோது எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜே ஆன்ஜே வரைந்த திட்டம், விண்மீன் கூட்டம்போலச் சுழலும் வடிவம். 50,000 பேருக்கான நகரம். சுற்றிலும் பசுமை வளையம்.

ஆனால் தரையில் இருந்தது வறண்ட செம்மண் மேடு. மரம் போனதால் ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துக் கடலுக்குப் போயிற்று. முதலில் வந்தவர்கள் மாளிகை கட்டவில்லை. வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள், மரம் நட்டார்கள். சுற்றுக் கிராமத்து மக்களின் உழைப்பும் அதில் உண்டு. வேகமாக வளரும் மரங்களின் நிழலில், நம் கடற்கரைக்கே உரிய காட்டு மரங்கள் பிறகு தலையெடுத்தன. கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் வைத்து, நீராவியில் சமைக்கும் பொதுச் சமையற்கூடமும் பின்னாளில் வந்தது.

காடு வளர்ந்த பிறகுதான் சிக்கல். பழைய வரைபடத்தின் வட்டச்சாலை அந்தக் காட்டின் ஊடே போகிறது. 2021 டிசம்பரில் இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்த்தன. திட்டப்படி நகரம் முடிய வேண்டும் என்றார்கள் சிலர். வளர்ந்த காட்டுக்கேற்பத் திட்டம் மாற வேண்டும் என்றார்கள் சிலர். பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 50,000 பேருக்குத் திட்டமிட்ட ஊரில் இன்று வசிப்பவர்கள் சுமார் 3,300 பேர்தான்.

பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் காஞ்சிக்கு வந்து, ஊரமைப்பு பற்றி அறிக்கை எழுதியவர். முதலில் ஊரை நடந்து பார், பிறகு வரை என்பது அவர் கொள்கை. முதலில் மட்டுமல்ல, நடுநடுவேயும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயுள் முழுவதும் கோப்பு பார்த்தவன் நான். ஒருமுறை கையெழுத்தான வரைபடத்தை மாற்றுவது எத்தனை கஷ்டம் என்று தெரியும். பக்கத்து வீட்டு நெசவாளரோ, பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திவிடுவார். முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடை.

"நீ சாலை போட்டிருக்கிற இடத்துல ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு காடு நின்னா, உன் கோடு வளையுமா?" என்று பேரனைக் கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. வரைபடத்தைச் சுருட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.