செப்புக் காசு சொல்லும் செய்தி

ஆத்தூரிலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகத் தெற்கே சென்றால் காவிரியைக் கடந்து கரூரை அடையலாம். அங்கே அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களுக்குப் பண்டைய உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன.

கொங்கு நாட்டில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்ததை நீங்கள் படித்திருக்கலாம். அவை கி.பி. முதல் நூற்றாண்டு வாணிகத்துக்குச் சான்று. அமராவதி மணலில் கிடைத்த உரோம வெண்கலக் காசுகளிலோ பல, கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செம்பு மிகுந்த கலவையாதலால் இவற்றைச் செப்புக் காசு என்றே சொல்வது வழக்கம். சட்டைப் பொத்தான் அளவே உள்ள காசுகளும் இவற்றில் உண்டு.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன பொறித்தார்கள்? முன்புறம் முத்துப் பட்டம் அணிந்த பேரரசரின் பக்கத் தோற்றம். சுற்றிலும் இலத்தீன் எழுத்தில் அவர் பெயர். பின்புறப் படம் காலந்தோறும் மாறியது. கான்ஸ்டன்டைன் ஆட்சியின் இறுதியில் படைக்கொடிகளுடன் நிற்கும் இரு வீரர்கள். கி.பி. 348-ஐ ஒட்டி, குதிரையிலிருந்து வீழும் பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனும், 'நற்காலம் மீண்டது' எனப் பொருள்படும் தொடரும். தியோடோசியஸ் மரபினர் காலத்தில் சிலுவை. செய்தித்தாள் இல்லாத நாளில் அரசின் அறிவிப்பு இப்படித்தான் மக்கள் கைக்குச் சென்றது. படத்தின் அடியிலுள்ள எழுத்துகளோ, காசு அந்தியோக்கியாவில் அடிக்கப்பட்டதா, அலெக்சாந்திரியாவிலா என்பதைக் காட்டிவிடும்.

பொன்னும் வெள்ளியும் உலோக மதிப்புக்காக வந்தன. செப்புச் சல்லி ஏன் கடல் கடந்தது? உள்ளூரில் சில்லறையாகப் புழங்கியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இலங்கையில் இவற்றைப் பார்த்து அடித்த போலிக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருப்பது இதற்கு வலுவூட்டுகிறது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்தவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் நூலாக வெளியிட்டார். உரோமத் தொடர்பு முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்தச் சல்லிகளே சாட்சி.

ஆகவே, மாணவ நண்பர்களே! நிலத்திலோ ஆற்றிலோ பச்சை படிந்த பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் பாசியோடு எழுத்தையும் அரித்துவிடும். பழைய உலோகக் கடையிலும் போடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியரிடமோ அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். உருக்கினால் அது சில கிராம் செம்பு. காத்தால் ஒரு நூற்றாண்டின் வரலாறு.