மணிபல்லவக் கரையும் மரக்கலங்களும்

மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவம் பெரும்பாலும் தெய்வத் தொடர்புடைய தீவாகவே ஆராயப்பட்டுள்ளது. புத்த பீடிகை, கோமுகிப் பொய்கை, அமுதசுரபி, தீவதிலகை ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல. தலைவி அங்குச் செல்வதும் மீள்வதும் வான்வழியாகவே நிகழ்வதால் அத்தீவின் கடல்வழித் தொடர்புகள் போதிய கவனம் பெறவில்லை. எனினும் காப்பியத்தை நுணுகி நோக்குவார்க்கு, அத்தீவின் கரையை மரக்கலங்கள் பலமுறை அணைந்தமை புலப்படும். அக்கலங்களின் வரவும் போக்குமே மணிபல்லவம் எது என்னும் நெடுநாளைய வினாவிற்கு உறுதியான சான்றுகளைத் தருவன எனலாம்.

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898ஆம் ஆண்டு பதிப்பித்து வெளியிட்ட பின்னரே இவ்வினா எழுந்தது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட தம் பண்டைய யாழ்ப்பாண வரலாற்று நூலில் மணிபல்லவத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு பொருத்திக் காட்டினார். மகாவம்சத்தின் முதல் அதிகாரத்தில் மகோதரன், சூளோதரன் என்னும் நாக மன்னர் இருவர் மணிப்பீடம் ஒன்றன் பொருட்டுப் போரிட்டதும், புத்தர் நாகதீபத்திற்கு எழுந்தருளி அப்போரைத் தவிர்த்ததும் கூறப்படுகின்றன. மணிமேகலையும் பெயர் சுட்டாது இதே நிகழ்ச்சியைப் பேசுகிறது. ஆகவே நாகதீபமும் மணிபல்லவமும் ஒன்றே என்பது பலரும் ஏற்ற முடிபாயிற்று. இன்று நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே அமைந்துள்ளன. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் செல்லும் அடியார்களுள் ஒரு சாரார் முன்னதற்கும் மற்றொரு சாரார் பின்னதற்கும் செல்கின்றனர். இருசாராரும் தத்தம் தொன்மைக்குச் சான்றாக இவ்விரு நூல்களையும் எடுத்தாள்வதால், ஓர் இலக்கிய இடப்பெயர் ஆய்வு வெறும் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு இவ்வாய்வில் ஒரு திருப்பம் எனலாம். அதில் 'நாகதீவ' என்னும் பெயர் வருவதைப் பரணவிதான படித்துக் காட்டினார். வல்லிபுரம் குடாநாட்டின் வடகிழக்குக் கரையில், பருத்தித்துறைக்கு அணித்தாக உள்ளது. நயினாதீவோ தென்மேற்கே கடலுள் உள்ளது. எனவே நாகதீபம் என்னும் பெயர் ஒரு சிறு தீவை மட்டுமன்றிக் குடாநாட்டுப் பகுதி முழுவதையும் குறித்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். இதனால் நாகதீபம் எது என்பது ஓரளவு தெளிவுற்றது. மணிபல்லவம் எது என்பது இதனால் தெளிவுற்றதா என்பதே வினா.

காப்பியத்தின் சொற்பொருளை நோக்கின் அவ்வாறு தோன்றவில்லை. பீடிகைக்குப் போரிட்ட மன்னர் இருவரையும் சாத்தனார் நாகநாட்டை ஆள்பவர் என்கிறார். அவர்கள் தத்தம் நாட்டிலிருந்து வந்து இத்தீவில் எதிர்ப்பட்டு, அப்பீடிகையை எடுக்க இயலாது நிற்கின்றனர். நாகநாட்டு வேந்தன் வளைவணனின் மகள் பீலிவளையும் தன் மகனோடு மணிபல்லவம் வந்து பீடிகையை வலங்கொள்கிறாள். அஃதாவது, காப்பியத்தின் நிலவியலில் நாகநாடு வேறு, மணிபல்லவம் வேறு. இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் இராசநாயகத்தின் கருத்து இவ்விடத்தில் தளர்ச்சி அடைகிறது. பீலிவளையின் மகனைத் தொண்டைமான் இளந்திரையனாகக் கொண்டு பல்லவர் குலத்திற்கு மணிபல்லவத்தில் தோற்றம் காண முயன்றதும் இத்தகையதே. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் கூறும் தொண்டைக்கொடிக் கதையில் குழவி கரை சேர்கிறது; மணிமேகலையிலோ அக்குழவி கடலில் மறைகிறது. ஒன்றன் முடிவை மற்றொன்றன் தொடக்கத்தோடு ஒட்டி வரலாறு செய்தல் முறையன்று.

தொலைவும் திசையும் பற்றிய குறிப்பும் உண்டு. மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து தென்திசையில் 30 யோசனை தொலைவு சென்றதாகக் காப்பியம் கூறும். இன்றைய பூம்புகாருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே நயினாதீவு அமைந்திருப்பது வியப்பிற்குரிய பொருத்தமாகும். ஆயின் இடைத்தொலைவு சுமார் 170 கிலோமீட்டரே. யோசனைக்கு எட்டுக் கல் என்னும் கணக்கைக் கொண்டால் தீவு இதனினும் இரு மடங்கிற்கு மேல் விலகிப்போகும். நான்கு கல் எனக் கொண்டால் அண்மையில் வரும். வேண்டிய விடைக்கேற்ப அளவைத் தெரிந்துகொள்ளும் ஆய்வு முறையில் பயனில்லை. திசையை மட்டும் சான்றாகக் கொள்வதே சாலும்.

கரையணைந்த கலங்கள்

மணிபல்லவத்திற்குக் கடல்வழி வந்தோருள் முதற்கண் கருதத்தக்கவன் ஆபுத்திரன். தென்மதுரையில் அமுதசுரபிக்கு வேலையின்றிப் போகவே, சாவக நாட்டில் வற்கடம் என்று கேட்டு அவன் வங்கம் ஏறுகிறான். காற்று மிகுந்தமையால் கலத்தோர் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகின்றனர். அவன் கரையில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் எனக் கருதி அவர்கள் பாயை விரித்து, இருள் செறிந்த இரவில் கலத்தைச் செலுத்திவிடுகின்றனர். கொடுப்பதற்குக் குறையாத பாத்திரம் கையில் இருக்க, கொள்வார் ஒருவரும் இல்லாத கரையில் அவன் தனித்து நிற்கிறான். பாத்திரத்தைக் கோமுகியில் விட்டு உண்ணாநோன்பால் உயிர் துறக்கிறான்.

இப்பகுதியின் அவல உணர்வைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். ஆயின் அதன் கடலியற் செய்தியும் அதே அளவு இன்றியமையாதது. மணிபல்லவம் அக்கலத்தின் சேரிடம் அன்று. காற்றுத் தணியும்வரை ஒதுங்கும் இடம். அங்குச் சரக்கு இறக்குவார் இல்லை, சுங்கம் கொள்வார் இல்லை, ஊரும் இல்லை. பாண்டி நாட்டிலிருந்து சாவகம் செல்லும் கலம் ஒதுங்கிய இடம் என்பதனால், அத்தீவு தமிழகக் கரைக்கும் ஈழத்திற்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலில் அமைந்ததாக எண்ண இடமுண்டு. தனிமை மிகுந்த அக்கரையில் நன்னீர்ப் பொய்கை ஒன்று இருந்ததாகக் கூறப்படுவது கலத்தோர்க்கு எத்துணைப் பயனுடையது என்பதைக் கடல் அறிந்தோர் உணர்வர்.

மணிமேகலை கண்விழித்த கரையைப் புனையுமிடத்துச் சாத்தனார் சங்கு, முத்து, பவளம் ஆகியவற்றோடு நறுமண மரங்களையும் அலைகள் உருட்டுவதாகப் பாடுகிறார். முன்னவை அக்கடலுக்கே உரியன. மணமுள்ள மரங்களோ புன்னையும் தாழையும் வளரும் மணற்றீவில் விளைவன அல்ல. எங்கிருந்தோ மிதந்து வந்தவை. உடைந்த கலங்களின் சரக்காகவும் இருக்கலாம். இது ஊகமே எனினும், பின்னர் வரும் கம்பளச்செட்டியின் கதை இவ்வூகத்திற்கு வலுவூட்டுகிறது. பீலிவளை தன் மகனை அவ்வணிகன் கலத்தில் ஒப்படைத்து மீள்கிறாள். அன்றிரவே கலம் கவிழ்கிறது. பிழைத்தோர் சோழனிடம் சென்று செய்தி கூற, மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. காப்பியத்தின் பேரழிவு அனைத்தும் மணிபல்லவத்தை அடுத்த கடலில் உடைந்த ஒரு கலத்திலிருந்தே தொடங்குகிறது.

மூன்றாவது வருகை புண்ணியராசனுடையது. ஆபுத்திரனின் மறுபிறப்பாகிய அவன் சாவகத்திலிருந்து கலம் சமைக்கும் கம்மியரை அழைப்பித்துப் புறப்படுகிறான்; கலம் இடையில் எங்கும் தங்காது மணிபல்லவத்தை அடைகிறது. பண்டு ஒதுங்கும் இடமாக இருந்த தீவு இப்போது சேரிடமாக மாறுகிறது. புன்னை நிழலில் மணலை அகழ்ந்து தன் பழைய உடம்பின் என்பையே அவன் காண்கிறான். அருகே வேறு சில என்புகளும் கிடக்கின்றன. அவை ஆபுத்திரனை மறந்து சென்ற கலத்திலிருந்த ஒன்பது செட்டிகளுடையவை என்று தீவதிலகை உரைக்கிறாள். விட்டுச்சென்றவனைத் தேடி அவர்கள் மீண்டு வந்தனர். அவன் இறந்தமை கண்டு தாமும் அங்கேயே உயிர்விட்டனர். ஒரு பயணியைக் கரையில் தவறவிடுதல் வணிகச் சாத்தினர்க்கு எத்துணைப் பெரும் பிழையாகத் தோன்றியது என்பதற்குத் தமிழிலக்கியத்தில் இதனினும் வலிய சான்று கிடைத்தல் அரிது. புண்ணியராசன் கதையை மறுபிறப்புக் கொள்கையின் விளக்கமாக மட்டும் கண்டோர் இவ்வொன்பதின்மரை ஒரு தொடரில் கடந்துவிட்டமை வருந்தத்தக்கது.

நயினாதீவுக் கல்வெட்டு

நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. இதனைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். வேற்று நாட்டினர் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும் அவர்கள் காக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு கூறு பண்டாரத்திற்கும் மூன்று கூறு உடையவனுக்கும் சேரும். வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் இவ்விதியைப் பொறிப்பித்தமை, அத்துறைகளில் வழங்கிய மொழி எது என்பதையும் காட்டும்.

இக்கல்வெட்டு மணிபல்லவம் என்னும் பெயரைச் சுட்டவில்லை. காப்பியத்திற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆதலின் நயினாதீவே மணிபல்லவம் என்பதை இதனைக்கொண்டு நிறுவுதல் இயலாது. ஆயினும் அக்கடலில் கலம் உடைதல் அரசாணை பிறப்பிக்கும் அளவிற்கு அடிக்கடி நிகழ்ந்தது என்பதும், உடைந்த கலத்தின் பொருள் யாருக்கு உரியது என்பது வழக்கிற்குரியதாய் இருந்தது என்பதும் பெறப்படுகின்றன. கம்பளச்செட்டியின் கலம் கவிழ்ந்த செய்தியில் சாத்தனார் சரக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மன்னன் கேட்டதும் குழவியைப் பற்றியே.